நான்காம் வார்டில் குடியிருக்கும் சமையற்கூடம்

அனுப்புநர்
ஞா. ஜெபகனி (வயது 61),
க/பெ. காலஞ்சென்ற ஞானதிரவியம்,
கதவு எண் 1/12, கோயில் தெரு, ஆறுதல்புரம்,
கல்மடைப்பேரி பேரூராட்சி,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வார்டு மறுவரையறை அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
கல்மடைப்பேரி.

பொருள்: வார்டு மறுவரையறை – வரைவு வரைபடம் – 4-ஆம் வார்டு – நான் குடியிருக்கும் வார்டுக்குக் காட்டப்பட்டுள்ள சலுகையை நான் மறுப்பது – கீழ மடைத்தெரு மூன்றாக வெட்டப்பட்டதை எதிர்ப்பது – தொடர்பாக.

பார்வை: 1) 28.07.2025 அன்று தங்கள் அலுவலக விளம்பரப் பலகையில் ஒட்டப்பட்ட வரைவு வரைபடமும் கதவு எண் பட்டியலும். 2) ஆறுதல்புரம் சபையின் அசனப் பங்குப் பட்டியல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஆறுதல்புரத்தில் பாத்திரங்களும் நாற்காலிகளும் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் சபையின் அசனக் குழுவுக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் செயலாளராகவும் இருக்கிறேன். எனக்கு வரைபடம் போடத் தெரியாது. ஆனால் ஏழு அண்டாச் சோற்றை ஆயிரம் பேருக்குச் சண்டை இல்லாமல் பங்கிடத் தெரியும். ஓர் ஊரைப் பதினைந்து வார்டுகளாகப் பங்கிட்ட தங்கள் அலுவலகத்துக்கு அது தெரியவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவிக்கவே இந்த மனு.

2. இத்தகைய மனுக்கள் எல்லாம் நட்டப்பட்டவர்களிடமிருந்து வருவதாகவே தாங்கள் பார்த்துப் பழகியிருப்பீர்கள். என்னையும் அப்படி எண்ணி, கட்டின் அடியில் சொருகிவிட வேண்டாம். தங்கள் வரைபடத்தால் எனக்கு நட்டம் எதுவும் இல்லை. என் தெரு, என் உறவினர் தெரு, என் சபையார் தெரு எல்லாம் ஒரே வார்டில் பத்திரமாக இருக்கின்றன. அந்த வார்டில் 640 வாக்காளர்கள். பக்கத்து 6-ஆம் வார்டில் 1,310 பேர். அதாவது எங்கள் ஆள் ஒருவர் வாக்குக்கு அவர்கள் ஆள் இரண்டு பேர் வாக்குச் சமம் என்று தங்கள் அலுவலகம் தீர்மானித்திருக்கிறது. நாங்கள் அப்படி என்ன புண்ணியம் செய்தோம் என்று விசாரிக்கப் போன இடத்தில்தான் பின்வரும் உண்மைகள் தெரியவந்தன.

3. தாங்கள் வெளி மாவட்டத்துக்காரர் என்று அறிகிறேன். ஆகவே அசனம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் கோயில் (தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்) பிரதிஷ்டை நாளில் சபையார் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுத்து, பொதுவில் சமைத்து, யார் வந்தாலும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவோம். பந்தி முடிந்த பிறகு வீட்டுக்கு ஒரு பங்கு சோறும் குழம்பும் கொடுத்தனுப்புவோம். இந்த வீட்டுப் பங்கில் எங்கள் ஊருக்கு ஒரு முறை உண்டு. யாரும் தங்கள் வீட்டுப் பாத்திரம் கொண்டுவரக் கூடாது. என் கடையிலிருந்து ஒரே மாதிரியான தூக்குவாளிகள் வரும். நாலு தலை வீடு ஒரு வரிசை, ஆறு தலை வீடு ஒரு வரிசை என்று அவற்றை வைப்போம். எல்லா வாளிகளும் நிரம்பி மூடி போட்ட பிறகுதான் வீட்டு எண்ணை வாசிப்போம். அதுவரை எந்த வாளி எந்த வீட்டுக்குப் போகும் என்று கரண்டி பிடித்தவருக்குத் தெரியாது. கரண்டி பிடித்தவர் வீட்டு எண் கடைசியில் வரும். அதற்காகவே பட்டியலில் பெயர் எழுதுவதில்லை. கதவு எண், தெரு, தலை எண்ணிக்கை, அவ்வளவுதான். பெயரை எழுதினால் கரண்டிக்குக் கண் முளைத்துவிடும் என்று எங்களுக்குத் தெரியும்.

4. இந்தப் பட்டியலை வைத்திருப்பவள் நான். கடந்த மார்ச் மாதம் முன்னாள் வார்டு உறுப்பினர் திரு. ஆசீர் தவமணி என் கடைக்கு வந்தார். நான்கு முறை உறுப்பினராக இருந்து, சென்ற தேர்தலில் பத்தொன்பது வாக்கில் தோற்றவர். ஞாயிறுதோறும் முன்வரிசையில் அமர்ந்து வேதபாடம் வாசிப்பவர். நல்ல குரல். அன்றும் நல்ல குரலிலேயே, "யக்கா, பண்டிகை நோட்டீஸு வீட்டுக்கு வீடு கொடுக்கணும்லா. அந்தப் பங்கு லிஸ்ட்ட ஒரு நகல் எடுத்துட்டு வெரசாத் தந்துருதேன்" என்று கேட்டார். கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் திருப்பித் தந்தார். பண்டிகை நோட்டீஸ் இன்றுவரை என் வீட்டுக்கு வரவில்லை. பட்டியல் மட்டும் நான்கு மாதம் கழித்துத் தங்கள் விளம்பரப் பலகைக்கு வந்து சேர்ந்தது.

5. பட்டியல் எங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று தாங்கள் கேட்கலாம். தங்கள் அலுவலகமே ஆதாரத்தை அச்சடித்து ஒட்டியிருக்கிறது. வரைவில் 4-ஆம் வார்டின் முதல் வரியைத் தயவுசெய்து ஒரு முறை வாசித்துப் பார்க்கவும். "கதவு எண் 1/00, கோயில் தெரு, 9 நபர்கள்" என்று இருக்கும். ஐயா, அது கோயில் சமையற்கூடம். அதற்குக் கதவே கிடையாது, நாலு பக்கமும் திறந்த கொட்டகை. சமையல்காரர்கள் ஒன்பது பேருக்கும் பங்கு ஒதுக்க வேண்டுமே என்று பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். கதவு எண் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று நானே 1/00 என்று எழுதினேன். தங்கள் அலுவலகம் அந்த ஒன்பது பேரையும் எங்கள் வார்டின் மக்கள்தொகையில் சேர்த்துவிட்டது. அடுத்ததாக அடுப்புக்கும் அண்டாவுக்கும் வாக்காளர் அட்டை கொடுத்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஒருவராவது அந்த இடத்தை நேரில் வந்து பார்த்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. வரைபடம் போட்டவர் ஆறுதல்புரத்துக்கு வந்ததில்லை. வந்திருந்தால் எங்கள் டீக்கடையில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

6. இரண்டாவது ஆதாரம் வரைபடத்திலேயே இருக்கிறது. 4-ஆம் வார்டின் கிழக்கு எல்லை, தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் பேரிக்கால் வாய்க்காலை ஒட்டியே ஒழுங்காகப் போகிறது. ஓர் இடத்தில் மட்டும் கோடு வாய்க்காலைத் தாண்டி அக்கரைக்குப் போய், ஒரே ஒரு வீட்டைச் சுற்றிவிட்டு, மறுபடி இக்கரைக்கு வந்துவிடுகிறது. பார்ப்பவர்கள் வரைந்தவர் கை நடுங்கிவிட்டது போல என்று நினைக்கிறார்கள். கை நடுங்கவில்லை. அந்த வீடு கீழ மடைத்தெரு 3/41. எங்கள் பங்குப் பட்டியலில் கடைசி வரி. பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் சபையார் என்று எண்ணி, ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்ற ஆசையில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி அந்த வீட்டையும் பிடித்து இழுத்திருக்கிறார்கள். பேராசைக்காரனின் கைரேகை எந்தக் களவிலும் பதியும். இங்கே வரைபடத்தில் பதிந்திருக்கிறது.

7. 3/41-இல் குடியிருப்பவர் செல்லக்கிளி. சபையைச் சேர்ந்தவர் அல்ல. ஆடிமாதம் தவறாமல் சுடலைமாடன் கோயிலுக்குப் பொங்கலிடுபவர். அவர் வீடு எங்கள் பட்டியலில் வந்த காரணத்தையும் தங்கள் கோப்பில் பதிந்துகொள்ள வேண்டுகிறேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்க வெள்ளம் வந்த ஆண்டில், வாய்க்கால் உடைந்து கீழ மடைத்தெரு முழுவதும் எங்கள் கோயிலில் வந்து தங்கியது. செல்லக்கிளியின் கணவர் சொரிமுத்து மாடுகளையும் வண்டியையும் ஓட்டிக்கொண்டு வந்து வண்டியைக் கோயில் முகப்பில் நிறுத்தியிருந்தார். இரண்டாம் நாள் அரிசி இருந்தது, விறகு இல்லை. இருந்த விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. எங்கள் ஊராரும் சேர்ந்து எழுநூறு பேர், அதில் கைக்குழந்தைகள் நாற்பதுக்கு மேல். நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். சொரிமுத்து எழுந்து போய்த் தன் வண்டியின் பாரையும் சட்டத்தையும் கோடரியால் பிளந்தார். நாங்கள் தடுத்தோம். "வண்டி பொறவு வாங்கிக்கிடலாம் தாயி, பிள்ளைவளுக்கு இப்பல்லா பசிக்கி" என்றார். அந்த வண்டிதான் அவர் தொழில். அந்த நெருப்பில்தான் அன்றும் மறுநாளும் கஞ்சி வெந்தது. அடுத்த அசனத்தில் அவர் வீட்டுக்கும் ஒரு பங்கு என்று குழு தீர்மானித்தது. பட்டியலின் கடைசி வரியில் நான் எழுதினேன். மதம் என்று ஒரு கட்டம் எங்கள் பட்டியலில் கிடையாது. இருந்திருந்தால் தங்கள் ஆட்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

8. கீழ மடைத்தெரு வாய்க்காலுக்கு அக்கரையில் இருக்கிறது. அறுபத்தெட்டு வீடுகள். வயல்வேலைக்குப் போகிறவர்கள். கார், பிசானம் என்ற இரண்டு போக நெல் சாகுபடிக்கும் தண்ணீர் ஓடும் மாதங்களில், ரேஷன் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ வர வேண்டுமானால் ரோட்டுப் பாலம் வரை போய் மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். வாய்க்காலின் அகலம் முப்பது அடி. சென்ற ஐப்பசியில் சொரிமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆட்டோ என் கடை வாசலில், வாய்க்காலின் இக்கரையில் வந்து நின்றது. அக்கரையில் அவரைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். ரோட்டுப் பாலத்திலிருந்து அந்தத் தெருவுக்குச் சேற்று வண்டித்தடம்தான், ஆட்டோ போகாது. ஆட்டோக்காரருக்கு அவரைத் தெரிந்தது, அவருக்கு ஆட்டோ தெரிந்தது. அவர் வீட்டில் வண்டி இருந்திருந்தால் மாட்டைப் பூட்டிச் சுற்றி வந்திருப்பார்கள். வண்டியை நாங்கள் எரித்துக் கஞ்சி குடித்திருந்தோம். கட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரோட்டுப் பாலத்துக்கு வரும் முன்பே முடிந்துவிட்டது. நான் இக்கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் ஜெபிப்பதும் இல்லை.

9. அந்தத் தெரு முழுவதும் ஒரே வார்டில் இருந்தபடியால்தான், சென்ற தேர்தலில் அவர்களிலிருந்து பொன்செல்வி என்ற பெண் உறுப்பினராக வர முடிந்தது. நாற்று நடுகிறவர். பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவர். திரு. ஆசீர் தவமணியைத் தோற்கடித்தவர் அவர்தான். சொரிமுத்து இறந்த மறுவாரத்திலிருந்து தங்கள் அலுவலக வாசலிலும் ஆட்சியர் அலுவலக வாசலிலும் நின்று நின்று நடைபாலம் ஒன்றுக்கு அனுமதி வாங்கினார். கோடையில் தண்ணீர் நின்ற மாதங்களில் நாலு தூண்கள் எழும்பின. மேல்தளம் மட்டும் போட வேண்டும். இருபது ஆண்டுகள் உறுப்பினராக இருந்த திரு. ஆசீர் தவமணி அந்த வாய்க்காலில் செய்த ஒரே வேலை, ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்பு கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது.

10. இப்போது தங்கள் வரைபடம் அந்த அறுபத்தெட்டு வீடுகளில் செல்லக்கிளியின் வீடு போக மற்றவற்றை மூன்றாக வெட்டி 5, 6, 9 என்று மூன்று வார்டுகளின் ஓரத்தில் வீசியிருக்கிறது. மூன்றிலும் அவர்கள் சிறுபான்மை. பொன்செல்வி எந்த வார்டில் நின்றாலும் வர முடியாது. பாலத்தின் தூண்களில் இரண்டு 4-ஆம் வார்டிலும் இரண்டு 6-ஆம் வார்டிலும் விழுகின்றன. மேல்தளம் என்ன ஆயிற்று என்று நான் நேரில் வந்து விசாரித்தபோது, அலுவலக உதவியாளர் திரு. கோமதிசங்கர் மட்டும்தான் உண்மையைச் சொன்னார். "தூணு ரெண்டு வார்டுலல்லா நிக்கி யம்மா. எந்த வார்டு வேலன்னு எழுதுதது? படம் முடிவாகுத வரைக்கும் ஒண்ணும் நடக்காது, பாத்துக்கிடுங்க." உண்மையைச் சொன்னதற்காக அவர்மீது நடவடிக்கை எடுத்துவிட வேண்டாம். தங்கள் அலுவலகத்தில் உண்மை அவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை.

11. எங்கள் சபைக் குழுவிலும் இதைச் சொன்னேன். மகிழ்ச்சியான கூட்டம் அது. வெட்கத்தோடு குறிப்பிடுகிறேன். பெரியவர் ஒருவர், "ஏன் இப்படித் துள்ளுதிய? நம்ம பிள்ளைவளுக்கு நாளைக்கு நம்ம ஆளு ஒருத்தரு வேண்டாமா?" என்றார். இன்னொருவர் இதை ஆண்டவர் கொடுத்த வாய்ப்பு என்றார். ஆண்டவர் மேல் பழி போடுவதில் எங்கள் ஆட்கள் தங்கள் துறைக்குச் சளைத்தவர்கள் அல்ல. தங்கள் துறை "மேலிடத்து உத்தரவு" என்கிறது, எங்கள் குழு இன்னும் கொஞ்சம் மேலே போய்விட்டது. கர்த்தர் கள்ளப் பட்டியல் வைத்து வார்டு பிரிப்பவர் என்று நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

12. ஒரு கிறிஸ்தவளாக இதில் என் நிலைப்பாட்டைத் தெளிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். எங்கள் வேதத்தில் ஒரு தேசத்தையே பங்கிட்ட வரலாறு உண்டு. முதலில் ஆட்கள் போய், தேசம் முழுவதையும் காலால் நடந்து பார்த்து, ஊர் ஊராக எழுதிக்கொண்டு வந்தார்கள். பங்குகளைப் பிரித்து எழுதி முடித்த பிறகுதான், எந்தப் பங்கு எந்தக் குடும்பத்துக்கு என்று எல்லோர் கண் முன்னாலும் சீட்டுப் போட்டார்கள். பிரித்தவனுக்குத் தன் பங்கு எது என்று தெரியாது. எங்கள் தூக்குவாளி முறையும் அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். தங்கள் அலுவலகம் தலைகீழாகச் செய்திருக்கிறது. முதலில் பெயரை வாசித்துவிட்டு, பிறகு கரண்டியைக் கையில் எடுத்திருக்கிறது. நடந்து பார்ப்பது என்ற பேச்சே இல்லை. அடுத்தவனுடைய எல்லைக்கல்லை நகர்த்துகிறவனைச் சபிக்கும் இடமும் எங்கள் வேதத்தில் உண்டு. சபிக்கும்போது ஜனங்கள் எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். திரு. ஆசீர் தவமணி அந்தப் பகுதியை எந்த ஞாயிற்றுக்கிழமையும் வாசித்ததில்லை. வாசித்தால் அந்த நல்ல குரல் எப்படி இருக்கும் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

13. "கிறிஸ்தவர் வார்டு" என்று ஒன்றை உண்டாக்கிக் கொடுத்ததற்காக நாங்கள் நன்றி சொல்வோம் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்து போவீர்கள். எங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது வார்டு பிரிக்க அல்ல. எங்கள் முன்னோரை ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தவர்களும் ஒரு கோடுதான் போட்டார்கள். இன்று அந்தக் கோட்டின் நல்ல பக்கத்தில் நிற்க வைத்தால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம் என்று தாங்கள் கணக்கிட்டிருக்கிறீர்கள். எங்கள் சபையில் பலருடைய விஷயத்தில் அந்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன். என் விஷயத்தில் அது தப்பு.

14. இப்போது செல்லக்கிளியின் நிலைமை. அறுபத்தெட்டு வீடுகளில் அவர் வீடு ஒன்று மட்டும் "கோயில் வார்டுக்கு" போய்விட்டது. வாக்குச்சாவடி எங்கள் ஆரம்பப் பள்ளியில். முழங்கால் வாதத்தோடு அவர் மூன்று கிலோமீட்டர் சுற்றி வந்து வாக்களிக்க வேண்டும், தன் வீட்டு முற்றத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் பள்ளிக்கூடத்துக்கு. அதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வாரம் அவர் ரேஷனுக்கு வந்தபோது என் கடை வாசலில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கனியக்கா, எங்க ஆளுவ என்னய ஒரு மாதிரி பாக்குதாவ. நான் உங்க வேதத்துல சேந்துட்டேனாம், அந்தத் தவமணிகிட்ட ஓட்ட வித்துட்டேனாம். எங்க வீட்டுக்காரரு செத்ததுக்குத்தான் இந்தப் பாலமே. நானாக்கா அதக் கெடுப்பேன்? நா என்னக்கா தப்பு பண்ணேன்?" அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவரும் கணவரும் தங்கள் பிழைப்பான வண்டியை எரித்து ஊருக்குச் சோறு போட்டார்கள். அதற்கு எங்கள் நன்றி ஒரு பட்டியலின் கடைசி வரியாக இருந்தது, அதை அவர் கழுத்துக்குக் கயிறாக மாற்றிக் கொடுத்தது தங்கள் அலுவலகம்.

15. அவரிடம் நான் உண்மையைச் சொன்னேன். அந்த வரியை எழுதியது என் கை, பட்டியலைக் கொடுத்ததும் என் கை என்று. அவர் அழவில்லை. "அப்ப நீங்களே போயி அழிச்சிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். அதற்காகவே இந்த மனு. பட்டியலைத் திருட்டுத்தனமாகக் கேட்டவர் மீது எனக்கு இருக்கும் கோபத்தைவிட, நல்ல குரலில் கேட்டார் என்பதற்காக யோசிக்காமல் எடுத்துக் கொடுத்த என்மீது எனக்குக் கோபம் அதிகம். பதினான்கு ஆண்டுகளாகக் கரண்டி பிடித்தவர் கையையே கவனித்துக்கொண்டிருந்தேன். பட்டியலைக் கேட்டு வருகிறவர் கையைக் கவனிக்கத் தவறிவிட்டேன்.

16. ஆகவே ஐயா, கீழ்க்காணும் நடவடிக்கைகளை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்:

அ) 4, 5, 6, 9 ஆகிய நான்கு வார்டுகளின் வரைவை ரத்து செய்ய வேண்டும். ஆறுதல்புரம் சபையின் பட்டியல் தங்கள் அலுவலகத்துக்கு எப்படி வந்தது, யார் வாங்கினார்கள் என்று எழுத்தில் பதில் தர வேண்டும்.

ஆ) புதிய எல்லையைப் போடும் முன்பு, போடுகிறவர் வாய்க்காலின் இரு கரையிலும் நடந்து பார்க்க வேண்டும். இப்போது ஆவணி பிறக்கப் போகிறது, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. தங்களுக்கும் மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். அந்த அனுபவம் தங்களுக்குப் பயன்படும். ஜீப்பை ரோட்டுப் பாலத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இ) யார் எந்தச் சாமி கும்பிடுகிறார், சென்ற முறை யாருக்குப் போட்டார் என்பதை அறியாமல், தெரு, வாய்க்கால், தலை எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் வைத்துக் கோடு போட வேண்டும். கீழ மடைத்தெரு முழுவதும், வாய்க்காலின் இக்கரையில் இருக்கும் பாலத் தூண்கள் உட்பட, ஒரே வார்டில் வர வேண்டும். அந்த வார்டில் திரு. ஆசீர் தவமணியும் நிற்கட்டும். ஜெயித்தால் ஜெயிக்கட்டும். அதற்கு அவர் கீழ மடைத்தெருவுக்கு ஒரு முறையாவது நடந்து போக வேண்டியிருக்கும்.

ஈ) சமையற்கூடத்தில் குடியிருக்கும் ஒன்பது பேரை உடனடியாக வெளியேற்ற வேண்டும்.

17. மேற்கண்டவற்றில் எதையும் செய்ய முடியாது, மேலிடத்து உத்தரவு, படம் முடிந்துவிட்டது என்று தங்களிடமிருந்து பதில் வரக்கூடும். அப்படி வந்தால் எனக்கு ஒரே ஒரு மாற்றுக் கோரிக்கை இருக்கிறது. அதற்கு எந்த மேலிடத்தையும் கேட்க வேண்டியதில்லை, ஏனென்றால் தங்கள் அலுவலகம் ஏற்கெனவே ஒரு முறை அதைச் செய்துகாட்டியிருக்கிறது. அக்கரையில் இருக்கும் 3/41-ஐக் கோடு வளைத்து எங்கள் வார்டில் சேர்த்தது போல, இக்கரையில் இருக்கும் 1/12-ஐ, அதாவது என் வீட்டை, கோடு வளைத்துக் கீழ மடைத்தெருவில் சேர்த்துவிடுங்கள். செல்லக்கிளியின் வீட்டை அவர் தெருவுக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சலுகையுள்ள வார்டில் ஒரு வாக்கு குறையும், வெட்டுப்பட்ட தெருவில் ஒரு வாக்கு கூடும். வாக்குப்பதிவு நாளில் மூன்று கிலோமீட்டர் நான் சுற்றி வருவேன். எனக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது. அவர் வீட்டை இங்கே கொண்டுவந்தது என் கையெழுத்து. என் வீட்டை அங்கே கொண்டுபோகவும் அதே கையெழுத்து போதும், கீழே போட்டிருக்கிறேன்.

விசாரணைக்கு எந்த நாளில் அழைத்தாலும் அசல் பட்டியலோடு வரத் தயாராக இருக்கிறேன். இந்த முறை நகல் எடுக்கக் கொடுக்க மாட்டேன்.

இடம்: ஆறுதல்புரம்
நாள்: 11.08.2025

இப்படிக்கு,
(ஞா. ஜெபகனி)
செயலாளர், அசனக் குழு
(குழுவின் ஒப்புதல் இன்றி, சொந்தப் பொறுப்பில்)

இணைப்பு:
1. அசனப் பங்குப் பட்டியல், முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்.
2. தங்கள் வரைவில் 4-ஆம் வார்டுப் பக்கம், ஒப்பிட்டுப் பார்க்க.
3. கதவில்லாத சமையற்கூடத்தின் புகைப்படம்.
4. கதவு எண் 1/12-ஐத் தம் தெருவில் ஏற்றுக்கொள்ளச் சம்மதம் தெரிவித்துக் கீழ மடைத்தெருவின் அறுபத்தெட்டு வீட்டாரும் இட்ட கையெழுத்துகளும் கைரேகைகளும். முதல் ரேகை செல்லக்கிளியுடையது.